அதற்கு மேலே யார்?

ஒரு சொல் பிசகியதால் இரண்டு பேர் இரண்டாம் முறை பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டிவந்தது. ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி. இன்னொருவர் மூணாறு, மறையூர், வட்டவடை மலைகள் அடங்கிய இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லிக்கொடுக்க, பராக் ஒபாமா திருப்பிச் சொன்னார். அமெரிக்க அரசியலமைப்பு அந்த உறுதிமொழியை 35 சொற்களில் அச்சடித்தாற்போல எழுதிவைத்திருக்கிறது. அதில் 'உண்மையாக' என்று பொருள்படும் சொல் இடம் மாறி வாக்கியத்தின் கடைசியில் போய் விழுந்தது. பல லட்சம் பேர் குளிரில் நின்று பார்த்த விழா முடிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் ஓர் அறையில், கூட்டமும் பைபிளும் இல்லாமல், அதே நீதிபதி முன்னால் ஒபாமா அதை இன்னொரு முறை சொன்னார்.

2021 மே 24 அன்று திருவனந்தபுரத்தில் தேவிகுளம் உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் பிரமாணம் எடுத்தார். அதே மாதம்தான் சென்னையில் முதல்வரின் பதவியேற்பில் 'உளமார உறுதிமொழிகிறேன்' என்ற சொற்கள் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஒலித்தன. ராஜாவின் கையில் கொடுக்கப்பட்ட தமிழாக்கத்தில் அந்த 'உளமார'வும் இல்லை, கடவுள் பேரிலான ஆணையும் இல்லை. மொழிபெயர்த்த அரசு மேசையில் அந்த இடம் நழுவிப்போயிருந்தது. சபாநாயகர் எம்.பி. ராஜேஷ் அந்தப் பிரமாணம் செல்லாது என்றார். ஜூன் 2 அன்று ராஜா மறுபடியும் பிரமாணம் எடுத்தார். பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று நம் அரசியலமைப்பின் 193-ஆவது பிரிவு சொல்கிறது. அதையும் கட்டச் சொன்னார்கள்.

இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. ஆனால் ராஜாவிடம் 'மறுபடி சொல்லுங்கள்' என்று சொல்ல, அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். ஒபாமாவிடம் அப்படிச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பின்னால் எவராவது வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று அவருடைய சட்ட ஆலோசகர் யோசனை சொன்னார், அவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அமெரிக்க ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன வேறுபாடு போதும் என்பது என் எண்ணம்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில், தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏந் தம்பி, அந்த அமெரிக்காவுல ஒரு காரியம் ஆகோணும்னா யாரைப் போயிப் பாக்கோணும்? அவரு முடியாதுன்னுட்டா அதுக்கு மேல யாரு?"

கேரளத்தின் எல்லைத் தமிழருக்கு ஆட்சி என்றால் இந்தக் கேள்விதான். வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர், வில்லேஜ் ஆபீஸ், தாசில்தார், கலெக்டர், எம்எல்ஏ, மந்திரி, கடைசியில் டெல்லி. ஏணி நீளமானது. ஆனால் ஏணிதான். ஒரு படியில் கதவு சாத்தினால் மேல்படிக்குப் போய்த் தட்டலாம். அமெரிக்காவில் இந்த ஏணியைத் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். அங்கே வீடுகள் வரிசையாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சாவி.

சட்டம் இயற்றும் காங்கிரஸ், அதை நடத்தும் ஜனாதிபதி, வழக்கைத் தீர்க்கும் உச்ச நீதிமன்றம் என்று மூன்று வீடுகள் வாஷிங்டனில். காங்கிரசின் கீழவையில் 435 பேர், மேலவையான செனட்டில் 100 பேர். மாநிலம் பெரிதோ சிறிதோ செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். வயோமிங் மாநிலத்தின் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு, நம் இடுக்கி மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதி. கலிஃபோர்னியாவில் நான்கு கோடியை ஒட்டி. இரண்டுக்கும் செனட்டில் ஒரே எடை. நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, கேரளத்துக்கு 9, உத்தரப் பிரதேசத்துக்கு 31. அமெரிக்கர் மாநிலத்தை ஓர் ஆளாக எண்ணினார்கள். நாம் மாநிலத்துக்குள் இருக்கும் தலைகளை எண்ணினோம்.

இதற்குக் காரணம் பிறப்பு வரிசை. அங்கே 13 மாநிலங்கள் முதலில் இருந்தன. அவை கூடித்தான் ஒன்றியத்தைச் செய்தன. இங்கே ஒன்றியம் உட்கார்ந்து மாநிலங்களைச் செய்தது. தேவிகுளம்காரருக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் பழைய கொச்சிச் சமஸ்தானத்தின் துண்டு. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் தாலுகாக்கள். தேயிலைத் தோட்டத் தமிழர் நிறைந்திருந்த அந்த இரண்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பகுதிகளைச் சென்னைக்குத் தரச் சொன்னது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்திலேயே விட்டது. மொழி மட்டும் அளவுகோல் ஆகாது, தோட்டத் தொழிலாளர் பலர் வந்து போகிறவர்கள் என்பதெல்லாம் அங்கே பேசப்பட்ட வாதங்கள். மூன்று தலைமுறையாக அதே லயத்தில் பிறந்து அதே மலையில் புதைந்தவர்களையும் அந்தக் கணக்கு வந்துபோகிறவர்களாகவே பார்த்தது. நாடாளுமன்றம் சட்டம் போட்டது, எல்லை விழுந்தது. 3-ஆவது பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஒப்புதல் தேவையில்லை. 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்ட பிறகும் தெலங்கானா பிறந்தது இந்த வழியில்தான்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் மண்ணைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டமன்றமே சம்மதிக்க வேண்டும். அதை மீறிய கதையும் அங்கே உண்டு, மீறியதாகவே ஒப்புக்கொள்ளாமல். உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா பிரிந்துபோனபோது, ஒன்றியத்தின் பக்கம் நின்ற மேற்குப் பகுதிக்காரர்கள் தாங்களே ஒரு 'வர்ஜீனியா அரசு' அமைத்து, தங்கள் பிரிவினைக்குத் தாங்களே சம்மதம் தந்தார்கள். 1863-இல் மேற்கு வர்ஜீனியா வந்தது. சம்மதம் வேண்டும் என்ற விதிக்காக ஒரு நாடகம் ஆடும் அளவுக்கு அந்த விதிக்கு மரியாதை இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நாடகம் நாடகம்தான் என்றும் சொல்லலாம்.

தேவிகுளத்துக்கே திரும்புகிறேன். அமெரிக்க முறைக்கும் நம் முறைக்கும் நடுவிலுள்ள பெரிய விரிசலை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் தொகுதி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1957-இல் கேரளத்தின் முதல் தேர்தல். 126 இடங்களில் 60 கம்யூனிஸ்டுகளுக்கு. சுயேச்சைகள் ஐந்து பேர் கைகொடுக்க, இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர் ஆனார். புதிய சட்டமன்றத்தில் முதல் ஆளாகப் பிரமாணம் எடுத்தவர் தேவிகுளம் உறுப்பினர் ரோசம்மா புன்னூஸ், தற்காலிகச் சபாநாயகராக. கொஞ்ச காலத்திலேயே எதிர்த்தரப்பு வேட்பாளரின் மனுவைத் தள்ளியது தவறு என்று தேர்தல் தீர்ப்பாயம் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கியது. 1958-இல் இடைத்தேர்தல். நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற அரசுக்கு அந்த ஓர் இடம் உயிர்போகிற விஷயம். கொழுந்து கிள்ளும் பெண்களிடம் தமிழில் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன், எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அரசு பிழைத்தது.

இந்தக் கதையை ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் முதல் கேள்வியே, "ஓர் இடம் போனால் அரசு எதற்குக் கவிழ வேண்டும்?" என்பதாக இருக்கும். அங்கே ஜனாதிபதியும் மாநில கவர்னரும் சட்டமன்றத்தின் தயவில் உட்காரவில்லை. தனியாக வாக்கு வாங்கி, இத்தனை ஆண்டு என்று எழுதி வாங்கி வருகிறார்கள். சட்டமன்றம் முழுக்க எதிர்க்கட்சி ஆனாலும் நாற்காலி ஆடாது. காரியம் வேண்டுமானால் நின்றுபோகும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், செலவுக்கான மசோதா நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் பல முடங்கிக் கிடந்தன. லட்சக்கணக்கான ஊழியருக்குச் சம்பளம் இல்லை. ஜனாதிபதியும் இருந்தார், காங்கிரசும் இருந்தது. இங்கே பண மசோதா தோற்றால் மறுநாள் மந்திரிசபை இருக்காது. அங்கே மந்திரிசபை இருக்கும், கதவுதான் பூட்டியிருக்கும். இதில் எது நல்லது என்று கேட்டால், சம்பளத்துக்குக் காத்திருக்கிறவன் ஒரு பதில் சொல்வான், தேர்தல் செலவுக்குப் பயப்படுகிறவன் வேறு சொல்வான்.

அந்த அமெரிக்கரின் இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. 1959 ஜூலை 31 அன்று, கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான விமோசன சமரத்தின் கொந்தளிப்புக்கு நடுவே, 356-ஆவது பிரிவின்படி டெல்லி இ.எம்.எஸ். அரசைக் கலைத்தது. அவையில் பெரும்பான்மை அப்படியே இருந்தது. தேவிகுளத்துப் பெண்கள் போட்ட ஓட்டும் அந்தப் பெரும்பான்மையில் இருந்தது. "ஜனாதிபதி எப்படி ஒரு மாநில அரசைக் கலைக்க முடியும்?"

அங்கே முடியாது. அதே காலத்துச் சம்பவம் ஒன்று பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் நுழைய நீதிமன்றம் வழிவிட்டது. கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவை இறக்கி, அதே மாநிலக் காவற்படையையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். நாட்டின் ராணுவத்தையே இறக்க முடிந்த ஜனாதிபதியால் அந்தக் கவர்னரை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. ஃபாபஸ் மறு ஆண்டே மறுபடி ஜெயித்தார். 1967 வரை பதவியில் இருந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தை மீறியவர் அதன் பிறகும் ஒன்பது ஆண்டுக்கு மேல் இருந்தார். பெரும்பான்மை வைத்திருந்தவர் 28 மாதத்தில் போனார். அமெரிக்க முறையைப் புகழ்கிறவர்கள் ஃபாபசையும் சேர்த்துத்தான் புகழ வேண்டும். நம்முடைய முறையைப் புகழ்கிறவர்கள் 1959-ஐ விழுங்கிக்கொண்டு புகழ வேண்டும். 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கலைப்புக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் அந்த அதிகாரம் ஏட்டில் அப்படியே இருக்கிறது.

தேர்தல் செல்லுமா செல்லாதா என்பதும் அங்கே வேறு மாதிரி. ரோசம்மாவின் தேர்தலைத் தீர்ப்பாயம் பார்த்தது. ராஜாவின் தேர்தலை 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஏணிதான், படிப்படியாக. அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினரின் தேர்தலுக்கு அவையே நீதிபதி. இந்தியானா மாநிலத்தின் எட்டாவது தொகுதியில் 1984-இல் நடந்த தேர்தலை அவையே மறுபடி எண்ணி, நான்கு ஓட்டு வித்தியாசத்தில் பெரும்பான்மைக் கட்சிக்காரருக்கே இடம் தந்தது. எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். மேலே போய்க் கேட்க ஆள் இல்லை.

இனித் தண்ணீர். எல்லையில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கும்.

பாலக்காட்டின் பரம்பிக்குளம் அணையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் வினோதம் தெரியும். அது கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. முதலமடையிலிருந்து அங்கே போக, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றி மறுபடி கேரளத்துக்குள் போக வேண்டும். அணையை நடத்துவது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் அதன் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது, பழுது பார்த்தது கோவைப் பக்கத்துப் பொறியாளர்கள், பயந்து விழித்திருந்தது சாலக்குடி ஆற்றங்கரை.

பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது, 1958 நவம்பர் 9-இலிருந்து அமல் என்று முன்தேதியிட்டு. மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, சோலையாற்றில் 12.3 டிஎம்சி கேரளத்துக்கு. 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. முதல் 30 ஆண்டு 1988-இல் முடிந்தது. பேச்சு நடக்கிறது, குழு அமைகிறது, 2019-இல் இரண்டு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஏட்டில் இருப்பது இன்றும் பழைய எண்தான். கொழிஞ்சாம்பாறைப் பெரியவரும் பொள்ளாச்சியிலிருக்கும் அவருடைய மாமன் மகனும் ஒரே ஆற்றின் இரண்டு கணக்கில் இருக்கிறார்கள். கோடையில் கல்யாண வீட்டில் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள், மூலத்தறை ரெகுலேட்டரைப் பற்றிப் பேச்சு எடுக்கமாட்டார்கள்.

முல்லைப் பெரியாறு இன்னும் பழையது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜா 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார். ஏக்கருக்கு ஐந்து ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறந்தது. இடுக்கியில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்து தேனிக்கும் மதுரைக்கும் போகிறது. 1979-இல் பாதுகாப்பு அச்சத்தில் நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136-க்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. தமிழ்நாடு 131-ஆவது பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றம் போனது. நடுவே 2011-இன் கடைசி மாதங்களில் குமுளியில் பஸ் நின்றது, ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு கம்பம் பக்கம் இறங்கினார்கள். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கேரளச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பின் நடுநாடி, அமெரிக்கர்கள் தங்கள் சொத்தாக நினைக்கும் கொள்கை: நீதிமன்றம் தீர்த்த வழக்கைச் சட்டமன்றம் சட்டம் போட்டுத் திருப்ப முடியாது. 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் காங்கிரசுக்கு இதையேதான் சொன்னது. அதிகாரப் பிரிவினை என்று நம் அரசியலமைப்பில் ஒரு தலைப்புக்கூடக் கிடையாது. வண்டிப்பெரியாற்றில் பயந்து தூங்கும் வீடுகளின் பெயராலும் கூடலூர் வயல்களின் பெயராலும் நடந்த வழக்கில் நீதிபதிகள் அதை வாசித்தெடுத்தார்கள்.

இதற்கு ஈடாக அமெரிக்காவில் வைக்க வேண்டியது கொலராடோ ஆறு. 1922 நவம்பரில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஏழு மாநிலப் பிரதிநிதிகள் கூடி, மேற்பகுதி மாநிலங்களுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம் என்று எழுதினார்கள். ஓர் ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஏக்கர்-அடி. நம் ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன, முடிந்தது. அங்கே மாநிலங்கள் தங்களுக்குள் செய்யும் உடன்பாட்டுக்குக் காங்கிரசின் சம்மதம் வேண்டும், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் அதை ஏற்க வேண்டும். அரிசோனா ஏற்கவில்லை. 22 ஆண்டு, 1944 வரை ஏற்கவில்லை. ஏற்காத மாநிலத்தைக் கட்டாயப்படுத்த வழியும் இல்லை.

அந்தப் பிடிவாதத்தின் உச்சம் 1934-இல். அரிசோனாக் கரையைத் தொட்டு பார்க்கர் அணையை மத்திய அரசு கட்ட ஆரம்பித்தது, தண்ணீர் கலிஃபோர்னியாவுக்கு. அரிசோனா கவர்னர் பெஞ்சமின் மோயர் மாநிலக் காவற்படையை ஆற்றுக்கு அனுப்பினார். வீரர்கள் வேவு பார்க்க இரவல் படகில் போனதால் 'அரிசோனாக் கடற்படை' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. வேலை நின்றது. மத்திய அரசு மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது. 1935-இல் உச்ச நீதிமன்றம், இந்த அணைக்குக் காங்கிரஸ் அனுமதி தரவே இல்லையே என்று மத்திய அரசைத் திருப்பி அனுப்பியது. சில மாதங்களில் காங்கிரஸ் சட்டம் போட்டு அனுமதி தந்தது. அணை எழுந்தது. கவர்னர், ஜனாதிபதியின் இலாகா, நீதிமன்றம், காங்கிரஸ், நான்கும் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டன. ஒன்றுகூட இன்னொன்றுக்கு மேலே இல்லை. பிறகு 1952-இல் அரிசோனா கலிஃபோர்னியா மேல் நேரே உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு 1963-இல் தீர்ந்தது. பதினோரு ஆண்டு. முல்லைப் பெரியாற்றுக்கு எட்டு ஆண்டு ஆனதைச் சொல்லி நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

நிலத்தடி நீருக்காகப் போராடிய பிளாச்சிமடையை இங்கே சொல்லாமல் விட முடியாது, அது சித்தூர் தாலுகாதான், பெருமாட்டிப் பஞ்சாயத்து. 2003-இல் அந்தச் சின்னப் பஞ்சாயத்து, அட்லாண்டாவில் தலைமையகம் வைத்திருக்கும் கோகோ-கோலாவின் ஆலைக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தது. 2004-இல் ஆலை நின்றது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித்தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது ஜனாதிபதியின் ஒப்புதலுக்கு என்று டெல்லி போய், பல ஆண்டு கிடந்து, ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. அந்தக் கம்பெனி பிறந்த ஜார்ஜியாவில் மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றினால் அதில் கையெழுத்துப் போடுவதோ மறுப்பதோ ஜார்ஜியாவின் கவர்னர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். வெள்ளை மாளிகைக்கு அந்தத் தாள் போகவே போகாது. பிடிக்காதவர்கள் நீதிமன்றம் போகலாம். பிளாச்சிமடை ஆதிவாசிப் பெண்கள் பல ஆண்டு பந்தலில் உட்கார்ந்து பெற்ற மசோதா, அவர்கள் போக முடியாத படி ஒன்றில் நின்றுபோனது. ஏணிக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய குறை இதுதான்.

ஏணியால் நன்மையும் உண்டு. சித்தூர் எம்எல்ஏவாக இருந்த கே. கிருஷ்ணன்குட்டி விவசாயி, பரம்பிக்குளம் தண்ணீருக்காகவே பேசிப் பேசிப் பெயர் வாங்கியவர். 2018-இல் அவரே நீர்வள அமைச்சர் ஆனார். சித்தூர்க்காரர் ஓட்டுப் போட்ட ஆளே தமிழ்நாட்டோடு பேசும் மேசையில் உட்கார்ந்தார். அமெரிக்காவில் இது நடக்காது. காங்கிரஸ் உறுப்பினர் மந்திரி ஆனால் உறுப்பினர் பதவியை விட வேண்டும். ஹிலரி கிளிண்டன் 2009-இல் வெளியுறவுச் செயலர் ஆக செனட்டை விட்டார். ஓட்டு வாங்குகிறவர் ஒருவர், இலாகா நடத்துகிறவர் வேறொருவர்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் சொன்னேன். கலிஃபோர்னியாவின் தெற்கு மூலையில் இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம். கொலராடோ தண்ணீரில் அங்கே கீரையும் தீவனப்புல்லும் விளைகின்றன. அந்தப் பாசன மாவட்டத்தின் பங்கு ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர்-அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 135 டிஎம்சி. அதை ஆள்வது ஐந்து இயக்குநர்கள் கொண்ட ஒரு வாரியம். அந்த ஐந்து பேரையும் உள்ளூர் மக்களே ஓட்டுப் போட்டு வைக்கிறார்கள். மந்திரியோ கவர்னரோ அவர்களை நியமிப்பதில்லை.

பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நூத்தி முப்பத்தஞ்சு. நமக்கு?"

"ஏழேகால்."

"அஞ்சு பேரும் உள்ளூர்க்காரனா?"

"ஆமாங்க."

"அப்ப தண்ணி வரலீன்னா அஞ்சு பேரு ஊட்டு வாசல்லயும் போயி நிக்கலாம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "அவனுக ஆத்துல இல்லீன்னு கையை விரிச்சுட்டா?"

2007-இல் போட்ட பங்கீட்டு விதிகள் 2026-உடன் காலாவதியாகின்றன, அடுத்து என்ன என்று ஏழு மாநிலங்களும் இழுபறியில் இருக்கின்றன என்று சொன்னேன். நம்ம 1988 மாதிரியா என்று கேட்டார். கொஞ்சம் அதே மாதிரிதான் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூலத்தறையில் ரெகுலேட்டர் திறந்துவிட்டார்களா என்று விசாரிக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.